சூப் ஆறிப்போச்சு

“வாயைச் சாப்பிட மட்டும் திறங்கப்பா, அது போதும்” என்றாள் மகள், உணவகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன்னால்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பா அச்சகத்தில் புரூஃப் ரீடர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், வாழ்த்துவதற்கு முன் பேனாவை எடுப்பவர்.

உள்ளே காத்திருந்தவர் அவளுடைய வருங்கால மாமியார். வெளியே சாப்பிடப் போகிறவர்களுக்கு வாரப் பத்திரிகையில் யோசனை எழுதுகிறவர். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்காராதே, பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசு என்று சாதுவாகத் தொடங்கும் அவருடைய பத்தி, தட்டை வைத்தே ஆளை எடைபோடுவதில் போய் முடியும். ருசி பார்ப்பதற்கு முன்பே உப்பைத் தூவுகிறவனுக்குப் பதவி உயர்வு கொடுக்காதீர்கள் என்று ஒரு தடவை எழுதினார். அதற்குப் பிறகு சில மாதம் அலுவலக விருந்துகளில் உப்புச் சீசாவைத் தொட ஆளில்லை.

பையனுக்குப் பூரண சம்மதம். ஆனால், எங்கம்மா உங்கப்பாவிடம் பேசிவிட்டு முடிவு சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு, வேலையாக வெளியூர் போய்விட்டான். பெண்ணின் அம்மா பல்வலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். கெட்டிக்காரி.

உட்கார்ந்ததும் பட்டியல் வந்தது. அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மகள் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். கை இறங்கியது.

கண் இறங்கவில்லை. ‘தக்காளி சூப்.’ ச் எங்கே? ‘கோழி சூப்.’ இங்கேயும் இல்லை. ‘பூசணி சூப்.’ கடவுளே. அப்பாவுக்குப் பசியே போய்விட்டது. அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தார்: ‘வெள்ளரிக்காய்ச் சூப்.’ நடுவில் அந்த ‘ச்’ ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒற்றைச் சரியாகப் போடத் தெரிந்தவனுக்கு உப்பையும் சரியாகப் போடத் தெரிந்திருக்கும் என்று அவர் மனம் துள்ளியது.

“எனக்கு வெள்ளரிக்காய்ச் சூப்” என்றார், ‘ச்’சுக்கு ஓர் அழுத்தம் கொடுத்து.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மாளின் புருவம் உயர்ந்தது. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைச்சல், ரசனை இருந்தால்தான் கேட்கத் தோன்றும் என்று மெச்சிவிட்டுத் தனக்கும் அதையே கொண்டுவரச் சொன்னார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

சூப் வந்தது. அந்த அம்மாள் தன் மகன் சின்ன வயதில் செய்த சேட்டைகளைச் சொல்லிக்கொண்டே ரசித்துக் குடித்தார். அப்பா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். நிறுத்தினார். இன்னொரு கரண்டி எடுத்தார். புரூஃப் ரீடர் ஆயிற்றே, இரண்டாம் தடவை பார்க்காமல் தப்பென்று சொல்லமாட்டார்.

தப்புத்தான்.

அப்பாவின் முகம் போகிற போக்கைப் பார்த்து மகள் காலைத் தேடினாள். கிடைக்கவில்லை. அவர் கையைத் தூக்கிவிட்டார்.

“ஏம்ப்பா, ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு சொல்லுவாங்க. இது பழஞ்சூப்பு. எப்ப வச்சது இது?”

பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. பரிமாறுகிறவர், “சார், இது வந்து...” என்று இழுத்து, பெரிய மனுஷி பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல் அந்த அம்மாளைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார். கைக்குட்டையைக் கசக்கியபடி தலை குனிந்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

“ஆமாம்ப்பா, என்னோடதும் ஆறித்தான் கிடக்கு. ரெண்டையும் நல்லாக் கொதிக்கவச்சுக் கொண்டு வாங்க.”

“மேடம், நீங்களா...”

“ரெண்டையும்னு சொன்னேன்.”

பரிமாறுகிறவர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். சற்று நேரத்தில் சமையலறைக் கதவிடுக்கில் இரண்டு வெள்ளைத் தொப்பிகள் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன.

திரும்பி வந்த சூப்பில் ஆவி பறந்தது. மேலே கட்டி கட்டியாக என்னவோ மிதந்தது. இப்போதுதான் இது சூப் என்று அப்பா ஊதி ஊதிக் குடித்தார். அந்த அம்மாளும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அப்புறம் சொல்லுங்க சம்பந்தி, கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?”

வெளியே வந்தபோது அப்பாவின் கால் தரையில் பாவவில்லை. யார் யாருக்கு முதலில் சொல்வது, பத்திரிகையை எந்த எழுத்தில் அடிப்பது, புரூஃபை எத்தனை முறை பார்ப்பது என்று தெருமுனை வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தார். அங்கே நின்று, குரலைத் தாழ்த்தினார்.

“தங்கமான மனுஷிதான். ஆனா ஒண்ணு சொல்றேன், உன்னோட இருக்கட்டும். பாதிக் கிண்ணம் குடிச்சிட்டாங்க, சூப்பு ஆறிப்போனது அவங்க நாக்குக்குத் தெரியல. நான் சொன்னப்புறம்தான் ஆமாங்கறாங்க. இவங்க ஊருக்கெல்லாம் யோசனை எழுதறாங்களாம்.”

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு முட்டியது, கண்ணும் நிறைந்துவிட்டது.

“அப்பா, அந்தச் சூப்பைச் சில்லுன்னுதான் குடிக்கணும். அதைச் சூடு பண்ணச் சொல்றவங்க வீட்டுல பொண்ணு எடுக்காதீங்கன்னு போன மாசம் எழுதினதே அத்தைதான்.”