திரும்பக் கூடாது

"பின்னால இருந்து யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. புரியுதா?"

கமலத்தின் குரல் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசி வரை போனது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் புருஷன் சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார்.

"இப்படி வாய்க்குள்ளயே முணுமுணுத்தா யாருக்குப் புரியும்? உள்ளேயாவது சும்மா இருங்க."

ரயில்வே பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு மாரடித்த மனுஷன். அந்த இரைச்சல் காதைத் தின்றது போதாதென்று குரலையும் தின்றுவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கொஞ்ச வருஷங்களாக அவள் கத்துவதும் அவர் உதட்டை அசைப்பதுமாகவே குடித்தனம் நடந்தது. ஒரே வீட்டுக்குள் தனியாக வாழ அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

ஆனால் இந்த 2006 பிப்ரவரியை எப்படித் தாண்டுவது? சம்பளக்காரர்களுக்கு வருமான வரியில் இருந்த நிலையான கழிவைப் போன பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். ஈடாக வரி விலக்கு வரம்பை உயர்த்தினார்களாம். அந்த லாபம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேரவில்லை. வருஷத்து வரியை இந்த மாதச் சம்பளத்தில் பிடித்துவிட்டால், காலேஜ் ஃபீஸுக்குப் பணம் இருக்காது; மகள் சுமலதாவைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

யூனியன் சாம்பசிவம்தான் மேடைக் குரலில் வழி சொன்னார். "காது கேக்கலன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிடுங்க அண்ணி. அண்ணனுக்கோ, அவரு சம்பாத்தியத்துல இருக்கிற வீட்டு ஆளுக்கோ, யாருக்குக் குறை இருந்தாலும் வரியில தனிக் கழிவு உண்டு."

முறை வந்ததும் சின்னசாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். கமலமும் அவர் பின்னாலேயே உள்ளே போனாள்.

டாக்டர் தேஜஸ்வினி இந்தத் தெலுங்கு ஊரிலேயே தார்நாகா பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண் என்று சாம்பசிவம் சொல்லியிருந்தார்.

"இவருக்கு இடி விழுந்தாலும் கேக்காது டாக்டரம்மா! ஹவ், ஆமா, நெஜமாத்தான் சொல்றேன்!"

டாக்டர் அவளையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு இருவரையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போனாள்.

கமலம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அறையில் சத்தமே இல்லை. சின்னசாமி சட்டென்று திரும்பினார்.

கமலம் அவர் பக்கம் சாய்ந்தாள். அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மறுபடி திரும்பினார். மூன்றாம் முறை அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. கண் கலங்க அவளைப் பார்த்தார்.

"பாவி மனுஷா! எந்நேரமும் கேக்காத காது இப்பத்தான் கேக்கணுமா? பொண்ணு படிப்புல மண்ணைப் போட்டுட்டியே!" முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. டாக்டர் அவள் காதோரம் குனிந்து, உரக்கச் சொன்னாள்.

"மூணு தடவையும் நான் கூப்பிட்டது உங்களைம்மா."