பரிசுப் புத்தகம் மாற்றுமிடம்

புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருந்த பரிசுச் சீட்டின் பட்டைக்கோட்டைக் கருவியில் காட்டியதும் திரையில் சுல்மாவின் சொந்த எண்ணே வந்து நின்றது.

பணியாளர் சலுகை, 417. வாங்கியது சனிக்கிழமை மதியம். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் நனைந்த குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் புத்தகம் வேண்டாமாம், வேறு வேண்டுமாம்.

அன்னையர் தினத்துக்கு மறுநாள் அது. புவெனஸ் ஐரிஸில் பாதி ஊர் அந்த மூன்று மாடிப் புத்தகக் கடைக்கு வந்து வரிசையில் நிற்கும். பரிசுப் புத்தகம் என்றால் கடையே தேதி போட்ட சீட்டு ஒன்றை உள்ளே ஒட்டித் தரும். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை. கொடுக்கிறவரே, சீட்டு உள்ளே இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுப்பார்.

417 என்ற எண் அவளைத் தவிர ஒருவனுக்குத்தான் தெரியும். ஒராசியோவுக்கு.

சலுகை பணியாளருக்கும் வீட்டாருக்கும் மட்டும். கடைப் படிவத்தில் அவன் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் கணவர் என்று நிரப்பிக் கொடுத்தவள் சுல்மாதான். கல்லாவில் எண்ணைச் சொன்னால் போதும், முப்பது சதவீதம் கழியும்.

ஏழு நாளாக அவளோடு பேச்சில்லை, போன் செய்தால் எடுப்பதில்லை. அவள் எண் மட்டும் வேண்டியிருந்திருக்கிறது துரைக்கு.

அதுவும் அவள் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறான்.

எதிரில் நின்றவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். ஐம்பது இருக்கும். நரையை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. தட்டையான செருப்பு. இளமையாக, பளபளப்பாக ஒருத்தி வந்து நின்றிருந்தால் பொறாமைக்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும். நாற்பத்தாறு வயதில் தினமும் கண்ணுக்கு மை இழுத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவள், இவளைப் பார்த்தா வெந்து சாக வேண்டும்?

புத்தகம் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றியது. செங்கல் கனம்.

புத்தகத்தில் எழுதியிருந்தால் மாற்றித் தர முடியாது. அந்தச் சாக்கில் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அவன் கையெழுத்தைத் தேடினாள். ஒரு வரி இல்லை. ஒரு நிமிடம் மூச்சு சீராக வந்தது.

ஆனாலும் இதை அவனே தேடி எடுத்திருக்கிறான். நாலு வருஷத்தில் அவளுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தந்ததில்லை. கேட்டால், புத்தகக் கடைக்காரிக்கே புத்தகமா என்பான். ரொசாரியோ நகரில் இருக்கும் அவன் அக்காவுக்கு மட்டும் பிறந்தநாள், கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் எதுவும் தவறாது. அதையும் அவன் எடுப்பதில்லை, சுல்மாதான் எடுப்பாள். அக்கா தையல்காரி, கொஞ்சம் அழுத்தக்காரி, சிரிக்க வைக்கிற கதை பிடிக்கும் என்று அவன் சொல்லச் சொல்ல, இடைவேளையில் மேட்டே தேநீரைக்கூடக் குடிக்காமல் மாடி மாடியாக அலைந்து பொறுக்கிக் கொடுப்பாள். போன வாரம் சண்டை வந்ததே அந்த அக்காவால்தான். என்னை ஒரு தடவை ரொசாரியோவுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று சுல்மா கேட்டுவிட்டாள். அதற்குத்தான் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அக்கா.

சுல்மா நிமிர்ந்தாள். குடை பிடித்த கையின் ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய தழும்புகள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது. இவளா அக்கா? ஊரிலிருந்து வந்திருக்கிறாளா? அடச்சே, என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கப்பட்டு, இருக்கிற இனிப்பையெல்லாம் குரலில் குழைத்துக் கேட்டாள்.

"தம்பி வாங்கிக் கொடுத்ததாங்க?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "தம்பியா? இருபத்தாறு வருஷமா நான் மாரடிக்கிற மனுஷன்ங்க. பொண்டாட்டிக்கு நீர்மூழ்கிக் கப்பல் வாங்கிட்டு வந்திருக்காரு பாருங்க."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சுல்மாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மனைவியைப் பிரிந்து தனி அறையில் கிடக்கிறேன் என்று சொல்லித்தான் அவன் சுல்மாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தான். அவன் அவளுக்குக் கணவனாக இருந்தது கடைப் படிவத்தில் மட்டும்தான்.

அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தாள். இதுவரை வந்த புத்தகம் எல்லாம் அவ்வளவு நன்றாக இருந்ததாம். ஒன்றைக்கூட மாற்ற மனம் வரவில்லையாம். தன் மனசுக்குள் புகுந்து பார்த்தவர் எடுத்த மாதிரி இருந்ததாம். எப்படி என்று வீட்டுக்காரரைக் குடைந்து கேட்டாளாம்.

"இங்க வயசான அம்மா ஒருத்தங்க வேலை பார்க்கிறாங்களாமே? அவங்கதான் எனக்குன்னு தேடித் தேடி எடுத்துக் கொடுப்பாங்களாம். யாருமில்லாதவங்க, பாவம், இதுல அவங்களுக்கு ஒரு சந்தோஷம்னு சொல்வாரு. அவங்களைப் பார்த்து ஒரு நன்றி சொல்லணும்ங்க. இன்னைக்கு வந்திருக்காங்களா?"

சுல்மா நீர்மூழ்கிக் கப்பலை மூடி, மாற்று ரசீதில் முத்திரை குத்தினாள்.

"அந்த அம்மா போன வாரம் செத்துட்டாங்க," என்றாள். "உங்க வீட்டுக்காரர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க."