முதுகில் ஒன்றுமில்லை

"முதுகுல ஒண்ணுமே இல்லைங்க. எலும்பு, நரம்பு எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார் ஸ்கேன் டாக்டரம்மா.

அவ்வளவுதான். மனைவி கணவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? முதுகு விட்டுப்போகுது, மாடி ஏற முடியலன்னு என்னா நடிப்பு! காத்தும் வெளிச்சமுமா இருந்த மூணாவது மாடி வீட்டைக் காலி பண்ணி, கீழ் வீட்டுக்கு வர வெச்சீங்களே! பாவம் மனுஷன்னு நம்பி ஸ்கேனுக்கு வேற இழுத்துட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். அந்த வீடு இன்னும் காலியாத்தான் கிடக்கு. நாளைக்கே திரும்பிப் போறோம்."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் அவன். கையிலிருந்த வேன் சாவியைத் தடவிக்கொண்டிருந்தான்.

கூட வந்திருந்த மாமியாரும் விடவில்லை. "இந்த வயசுல நானே குடுகுடுன்னு ஏறி இறங்கினேன். மாப்பிள்ளைக்கு இவ்வளவு சோம்பல் ஆகாதும்மா."

"இருங்க, நான் இன்னும் முடிக்கல." டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். "ஆள் சரியாப் படுத்திருக்காரான்னு பார்க்க முதல்ல எடுக்குற படம் இது. இதுல முதுகைத் தாண்டி வயிறும் தெரியும். இதோ, வலது கிட்னியில சின்னதா ஒரு கட்டி. இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணணும். நான் நினைக்கிறதுதான்னா, நல்லவேளை, ஆரம்பத்துலயே மாட்டிக்கிச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

முதுகைத்தானே பார்க்கச் சொன்னார்கள் என்று அந்தப் படத்தை ஒதுக்குகிற டாக்டர்களும் உண்டு. டாக்டரம்மா மூலைமுடுக்கெல்லாம் துழாவாமல் கையெழுத்துப் போடமாட்டார். ரிப்போர்ட் லேட், லேட் என்று எல்லோரிடமும் திட்டு வாங்குவதும் அதனால்தான். என்ன மனுஷி!

மனைவியின் கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஸ்கேனுக்கு நாள் கேட்க அம்மாவோடு வெளியே போனாள்.

"வராத வலி உங்களைக் காப்பாத்தியிருக்கு. எதுக்குங்க நடிச்சீங்க?" என்றார் டாக்டரம்மா.

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எங்ககூடவே இருக்குற மாமியாருக்கு முட்டி வலி டாக்டர். ஒருநாள் மாடிப்படியில உட்கார்ந்து முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும், செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு சமாளிச்சாங்க. அவங்களுக்காக வீடு மாத்துறோம்னு சொன்னா, உங்களுக்கு நான் பாரமான்னு பெட்டியைத் தூக்கிடுவாங்க. அவங்களுக்கு வேற போக்கிடமும் இல்ல. இப்ப மறுபடியும் அந்த மாடிக்கே போகணும்..."

டாக்டரம்மா எழுந்து கதவைத் திறந்தார்.

"அம்மா, முக்கியமானதைச் சொல்ல மறந்துட்டேன். வைத்தியமெல்லாம் முடிஞ்சாலும் உங்க மாப்பிள்ளை மாடிப்படி ஏறவே கூடாது. ஆயுசுக்கும் கீழ் வீடுதான்!"