பதினாலாம் நம்பர் வீடு

பதினாலாம் நம்பர் வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாக மூழ்கிப்போனார். மணிமாறன் வாத்தியாருக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஏம்பா, உங்களாலயும் முடியலையா?" என்றார், வருத்தப்படுகிறவர் போல.

"படகு போறதுக்குள்ள கூரை முழுவிடுது சார்," என்றான் தமிழ்க்குமரன்.

பாகூர்ப் பக்கத்துப் பள்ளி. பத்தாம் வகுப்பு நாலு குழுவாகப் பிரிந்து, கம்ப்யூட்டரில் வெள்ள மீட்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தது. விளையாட்டுக்கான ஊராகத் தன் தெருவையே வாத்தியார் வரைந்து ஏற்றியிருந்தார்.

"அந்த வூட்ல யாரு சார்?"

"செல்லக்கண்ணுன்னு ஒருத்தர். தனியா இருந்தாரு."

"இருக்காருன்னு சொல்லுங்க சார். இன்னும் ஒரு டீம் பாக்கி," என்று சிரித்தாள் அனிதா.

அதற்குள் வாத்தியாரின் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். கரிக்கலாம்பாக்கத்தில் மனை வேணுமா என்று யாரோ கேட்க, பொறுமையாக வேண்டாம் என்றார்.

"சார் ஒரு வருஷமா ராங் நம்பரைக்கூட விடறதில்ல," என்று கிசுகிசுத்தான் தமிழ்க்குமரன்.

போன வருஷப் புயலிலிருந்து வாத்தியாருக்கும் அவர் மனசாட்சிக்கும் ஓயாத பேரம். யார் என்ன செய்திருந்தாலும் செல்லக்கண்ணு பிழைத்திருக்க மாட்டார் என்று ஆகிவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம். மூன்று குழு தோற்றாயிற்று. நாலாவதும் தோற்றால் பேரம் படிந்துவிடும்.

"காப்பாத்தியாச்சு சார்."

நாலாவது குழுவின் தலைவி சுவேதா. போன வாரம்தான் வில்லியனூரிலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்தவள்.

வாத்தியார் திரையை எட்டிப் பார்த்தார். "எப்படிம்மா? படகு எந்த வழியா போச்சு?"

"படகே போவல சார். பக்கத்துல பதினஞ்சாம் நம்பரு, மாடி வூடு. கேட்டைப் பூட்டிட்டு டவுனுக்குப் போயிட்டாங்க. அந்த வூட்டுக்காரருக்கு இவரைப் போன் போட வெச்சோம். 'பூட்டை ஒடச்சி மாடிக்கு ஏறிக்கோ'ன்னாரு. அவ்ளோதான்."

வகுப்பே கை தட்டியது. வாத்தியாரின் பேரத்தில் கடைசியாக ஒரு துரும்பு மிச்சமிருந்தது.

"சரி, அந்த வூட்டுக்காரரு போனை எடுக்கலன்னா?"

சுவேதா திரையிலிருந்து மெல்லத் திரும்பினாள்.

"செல்லக்கண்ணு மாமாவுக்கு நீங்க எடுக்காத மாதிரியா சார்?"