முதல் விருப்பம் டயாலிசிஸ்

இப்போதெல்லாம் எதையும் செய்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கிற பழக்கமே போய்விட்டது.

என் மகள் கலைமதியும் அப்படித்தான்.

கம்ப்யூட்டர் சென்டரில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள் என்றாள்.

வீட்டுக்கு ஒரே போன். அது என் சட்டைப் பையில் இருந்தது.

எடுக்கவில்லை.

வருகிற நம்பரை யாருக்கும் சொல்லாதே என்று பேங்க்காரன் ஓயாமல் சொல்கிறான். பெற்ற மகளாகவே இருக்கட்டும். எதற்கு என்று தெரியாமல் நான் சொல்ல மாட்டேன்.

என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

சென்டர் வைத்திருக்கிற எபினேசர்தான் சொன்னான். பிளஸ் டூ முடித்துச் சேருகிற ஆஸ்பத்திரிப் படிப்பில் பல பிரிவு இருக்கிறதாம். எது வேண்டும் என்று வரிசையாகப் போட வேண்டுமாம். கலைமதி டயாலிசிஸை முதலில் போட்டிருக்கிறாள். நம்பரைச் சொன்னால் பூட்டிவிடலாம். பூட்டினால் மாற்ற முடியாது. இன்று சாயங்காலத்தோடு கடைசி.

டயாலிசிஸ்.

வீட்டில் பேசி வைத்தது வேறு. எக்ஸ்ரே.

எக்ஸ்ரேக்கு வருகிறவன் கையை உடைத்துக்கொண்டு வருவான், இருமிக்கொண்டு வருவான். படத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். மறுநாள் அவன் முகம் ஞாபகத்தில் இருக்காது. அந்த மாதிரி வேலைதான் இவளுக்கு வேண்டும்.

டயாலிசிஸில் வந்தவனேதான் திரும்பத் திரும்ப வருவான்.

எனக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை அங்கேதான் கிடக்கிறேன். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், மெஷினைச் சுற்றி, இன்னொரு குழாயில் திரும்பி வரும். இவள் பிளஸ் டூ படித்ததே என் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துதான். இவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கூட வர வேறு ஆள் இல்லை.

அந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்துக் கட்டில்காரன் வராவிட்டால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம். நர்சும் சொல்லாது. வேறு விரிப்பு விரிப்பார்கள். வேறு ஆள் வந்து படுப்பான். உனக்கு எந்த ஊர் என்று அவனிடம் கேட்போம்.

பக்கத்துக் கட்டில் சுருளியப்பன் போனபோது இவள் கேட்டுவிட்டாள். அந்த மாமா எங்கே என்று, வார்டே கேட்கிற மாதிரி. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த இடத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறாள்.

போனைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எக்ஸ்ரேயை மேலே தூக்கிப் போடு, நம்பரைச் சொல்கிறேன் என்றேன்.

தலையை ஆட்டினாள். மாட்டாளாம்.

நேரம் தாண்டி அந்த நம்பர் செத்துவிட்டது என்றான் எபினேசர். இன்னொன்றை வரவழைத்தான். பைக்குள் போன் அதிர்ந்தது.

பின்னால் மகளோடு நின்ற ஒரு பொம்பளைக்குப் பொறுக்கவில்லை.

"பெருசு, சொல்லித் தொலைங்களேன். எங்க புள்ளையும் போடணும்ல."

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"எனக்காக எடுக்கிறியா?"

"உங்களுக்காக எப்பிடிப்பா? படிச்சு முடிக்கவே நாலு வருசம் ஆகும்."

சட்டென்று வந்துவிட்டது. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

எபினேசர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். அந்தப் பொம்பளை தெருப் பக்கம் பார்க்க ஆரம்பித்தாள்.

கலைமதி அசையவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்தே இருந்தது.

டாக்டர் இவளைத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார். என்னை இல்லை. என்ன சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

நாலு வருசம் என்ன பெரிய நாலு வருசம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

போனை எடுத்தேன். எனக்கு எழுத்து தகராறு, எண் வரும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். எபினேசர் தட்டினான்.

பூட்டியாச்சு என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

அவள் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

எனக்குத் தண்ணீர் அளவுதான். அதற்கு மேல் ஒரு மடக்கு குடித்தாலும் கால் வீங்கும், மூச்சு முட்டும். அளந்து ஊற்றுகிறவளே அவள்தான். ஒரு மடக்குக்கு என்னோடு சண்டை போடுகிறவள்.

பாட்டிலை முழுசாக நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் வாங்கவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்து நடந்தேன்.

பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

எனக்காக இல்லையாம்.

அதை மட்டும் நான் நம்பவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.