பூசணியாதல்

“மன்னிப்புத்தானே கேட்கப் போறீங்க? பல்லு பிடுங்கப் போற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க,” என்றாள் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

லிஃப்ட் மெக்கானிக்கின் ஒரு கையில் போன், இன்னொரு கையில் துண்டுச் சீட்டு. கிரீஸ் விரலால் தடவித் தடவி அதிலிருந்த நம்பரே மங்கிவிட்டது.

“இன்னையோட பதினெட்டு வருஷம். அந்த ஆளுக்கு உங்களை ஞாபகமே இருக்காது.”

“இருக்கு. அதுதான் பிரச்சினை.”

அவர் செய்த பாவம் இதுதான். வேலை விட்டு வந்தால் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாமே எழுத்து. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, ‘கதவைத் தட்டுகிறேன்’, ‘வாளை உருவுகிறேன்’ என்று எழுதியே குடித்தனம் நடத்தும் ஐந்து உலகங்கள்.

ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிக்குக் கணவாய் என்று பெயர். நுழையுமுன் ‘முடிச்சு’ என்று அடித்து மூட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மறந்தால் அத்தனையும் அதலபாதாளம்.

பூசணி என்ற பெயரில் ஆடிய ஒருவர் மறந்துவிட்டுப் போனார். மூன்று வருஷம் சேர்த்த குதிரை, கவசம், வீட்டுச் சாவி எல்லாம் போச்சு. உடனே நம் மெக்கானிக், இருநூறு பேர் பார்க்க எழுதினார்: ‘பாத்துப்பா, யாரும் பூசணி ஆயிடாதீங்க!’ ஐந்து உலகமும் சிரித்தது.

அதோடு விட்டாரா? விளையாட்டின் சொற்பட்டியலை எழுதி வைப்பவரும் அவர்தான். கணவாய் என்றால் என்ன, முடிச்சு என்றால் என்ன என்று புதியவர்கள் புரட்டிப் பார்க்கும் பட்டியல். சூட்டோடு சூடாக அதிலும் ஏற்றிவிட்டார்: ‘பூசணியாதல்: முடிச்சுப் போடாமல் கணவாயில் நுழைந்து, உள்ளதெல்லாம் தொலைத்தல்.’

பூசணி அன்றோடு சரி. அதற்கப்புறம் ஆட்டத்தில் தலைகாட்டவே இல்லை.

ஒரு மனுஷனை விரட்டி அடித்துவிட்டோமே என்று மெக்கானிக்குக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தினமும் யாராவது அந்தச் சொல்லை எழுதுவார்கள், தினமும் சுருக்கென்று குத்தும். எடுத்துவிடலாம்தான். ஆனால் எடுத்தால் எடுத்ததுதான்; எடுத்த சொல்லை மறுபடி ஏற்றக் கூடாது என்று எல்லாரோடும் சண்டை போட்டுச் சட்டம் கொண்டுவந்தவரே அவர் என்பதால் கை வரவில்லை.

போன வாரம் பழைய ஆட்டக்காரர் ஒருவர் பூசணியின் நம்பரைக் கொடுத்தார். அவரும் பூசணியும் இப்போது ஒரே பஸ் பணிமனையில் வேலை பார்க்கிறார்களாம்.

“அவர் இப்ப ஆடறதில்ல. ஆனா வாரம் தவறாம உங்க பட்டியலைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாத்துட்டு மூடிடுவாரு,” என்றார் அவர்.

அதைக் கேட்டதிலிருந்து மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமாக ஆறாத புண்ணா! இன்று காலை ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்தி வைத்துவிட்டு, மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, போனிலேயே அந்த வரியை எடுத்துவிட்டார். பட்டியலிலிருந்து எடுத்த சொல்லை ஆட்டம் ஏற்காது; இனி ஐந்து உலகத்திலும் அதை அடித்தால் ஏறாது. கீழே யாரோ பட்டனை அமுக்கி அமுக்கித் திட்டிக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் மனசு லேசாக இருந்தது.

“எடுத்துட்டேன்னு முதல்லயே சொல்லிடுங்க,” என்றாள் மனைவி.

“முதல்ல மன்னிப்பு. அதைக் கடைசியில சொல்றேன். சந்தோஷப்படுவாரு.”

நம்பரை அழுத்தினார். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“சார்... பூசணிதானே?”

அந்தப் பக்கம் வெடிச் சிரிப்பு. “அடடே! அந்தப் பேரைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! யாருங்க?”

“சொற்பட்டியல் எழுதறவன் சார். உங்களைக் கேலி பண்ணி அந்தச் சொல்லை உண்டாக்கினவன். என்னாலதான் நீங்க ஆட்டத்தையே விட்டுட்டுப் போனீங்க. மன்னிச்சிடுங்க.”

“உங்களாலயா? நல்லா இருக்கே கதை! அன்னைக்கு என் சம்சாரத்துக்கு வலி வந்துடுச்சுன்னு போன் வந்துச்சு சார். பதற்றத்துல எதை எதையோ அமுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பொண்ணு பொறந்தா. அப்புறம் எங்க விளையாடறது? தொட்டில் ஆட்டவே நேரம் போதலை.”

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒரு மாசம் கழிச்சு உங்க பட்டியலைப் பாத்தேன். என் பேர்ல ஒரு சொல்லு! என் பொண்ணு பொறந்த நாளையே எழுதி வச்ச மாதிரி இருந்துச்சு சார். வாராவாரம் அவளை மடியில வச்சு அந்த வரியைக் காட்டுவேன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே அதுலதான் கத்துக்கிட்டா. இப்ப அவளே ஆடறா. ‘நான் பொறந்ததாலதான் இந்தச் சொல்லே பொறந்துச்சு’ன்னு அஞ்சு உலகத்துலயும் பீத்தல் தாங்க முடியாது!”

தையல் மிஷின் நின்றது. ‘சொல்லிட்டீங்களா?’ என்று மனைவி சைகையில் கேட்டாள்.

“நல்லவேளை, நீங்களே கூப்பிட்டீங்க.” அந்தக் குரல் இறங்கியது. “இன்னைக்கு அவளுக்குப் பொறந்தநாள். காலையிலேர்ந்து சாப்பிடாம அழுதுட்டிருக்கா. எவனோ ஒரு பாவி அந்தச் சொல்லை எடுத்துட்டானாம். யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க சார்!”