பர்ஸில் ஒரு வயிறு

“என் போட்டோ இருக்க வேண்டிய இடத்துல எவளோ ஒருத்தி வயிறு இருக்கு!”

டாக்டர் வீட்டம்மா போட்ட சத்தத்தில், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாடி வீட்டு நீச்சல் டீச்சர் கிளிப்பும் கையுமாக இறங்கி வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். பதினெட்டாவது கல்யாண நாளுக்குப் புதுப் பர்ஸ் வாங்கி, டாக்டர் அன்று மறந்துவிட்டுப் போன பழைய பர்ஸில் இருந்ததையெல்லாம் அம்மா அதற்குள் மாற்றிக்கொண்டிருந்தார். லைசென்ஸுக்குப் பின்னால் மூலை மடங்கிய ஒரு பழைய போட்டோ. பச்சைத் துணிக்கு நடுவே ஒரு வயிறு. மருந்து பூசியதில் மஞ்சளாகி, ஓரத்தில் அப்போதுதான் போட்ட கறுப்பு நூல் தையலோடு. முகம் மட்டும் இல்லை.

அறுவை சிகிச்சை டாக்டர் பர்ஸில் வயிறு இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அம்மாவின் வாதம் வேறு.

“ஆயிரம் வயிறு பார்த்த மனுஷன். ஒரே ஒரு வயித்தை மட்டும் எதுக்குச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுச் சுத்தணும்?”

நியாயமான கேள்விதான். அம்மாவின் சந்தேகம் போன வருஷத்திலிருந்தே மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது. நீச்சல் டீச்சருக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்தது டாக்டர்தான். “சார் கை பட்ட இடமே தெரியலை” என்று டீச்சர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவும் அவருக்குக் கைராசி டாக்டர் என்றே பேர் வைத்துவிட்டது.

அம்மாவின் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே குடல்வால் எடுத்த தழும்பு ஒன்று அவருக்கு இருக்கிறது. பெரிய டாக்டர் அறுத்துவிட்டுக் கை கழுவப் போய்விட, தைத்தது யாரோ பயிற்சிக்கு வந்த பையனாம். ஊரார் வயிற்றையெல்லாம் புருஷன் பூப்போலத் தைக்க, தன் வயிறு மட்டும் இப்படியா என்று கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் பொருமுவார். “எந்தப் பாவி தைச்சானோ, அவன் கை விளங்காமப் போக!” கல்யாணமான முதல் வாரத்திலிருந்து இந்த அர்ச்சனை தவறியதே இல்லை.

“இது நீங்கதானே?” போட்டோவை டீச்சரின் மூக்குக்கு நேராக நீட்டினார் அம்மா.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டுச் சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார். கொசு கடித்ததுபோல் மங்கலாகச் சில புள்ளிகள்.

“எனக்குக் கேமரா வச்சுச் செஞ்சாங்க அக்கா. சின்னச் சின்ன ஓட்டைதான். இவ்வளவு நீளத்துக்கு யாரு கிழிச்சா?”

ஆள் இவர் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அந்தப் புள்ளிகளைப் பார்த்ததில் அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

டீச்சர் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தையலும் கோணல்மாணலா போகுதே. சார் கை இப்படிப் போகாதே அக்கா.”

“தையலை யாரு பார்த்தா? இடுப்பைப் பாருங்க! ஒரு பிடிதான் இருக்கும். எவளோ சின்ன வயசுக்காரி.” சொல்லிக்கொண்டே தன் புடவையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார் அம்மா. இரண்டு பிள்ளை பெற்ற இடுப்பு.

“முதல்ல சார் வரட்டும், கேளுங்க.”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன். கார் எடுத்துக்கிட்டு வர்றார். நான் கிளம்பறேன்.”

ஆறு மணிக்கு டாக்டர் உள்ளே நுழைந்தபோது ஹாலில் இரண்டு பெட்டிகள் பூட்டித் தயாராக நின்றன. டீச்சர், “நான் வர்றேன் அக்கா” என்று வாசல் வரை போய், அங்கேயே குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

“யாருங்க இவ?”

போட்டோவைப் பார்த்ததும் டாக்டருக்கு நெற்றி வியர்த்தது. “அது... கை பழகாத காலத்துப் போட்டோ. விட்டுடேன்.”

“இப்பவும் அவளைப் பார்க்கறீங்களா?”

“தினமும்.”

அம்மா ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டார். “அவ வயித்தைப் பர்ஸுல வச்சிருக்கறது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா என் கையை ஒடிச்சிடுவா.”

“அவ்வளவு பயம் இருக்கறவர் எதுக்கு வச்சிருக்கீங்க?”

“ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்குவேன். அப்பதான் கை ஒழுங்காப் போகும்.”

“ஓ! உங்க கைராசியே அவதானா?”

வாசலில் ஹாரன் சத்தம். அண்ணன் வந்துவிட்டார். அம்மா இரண்டாவது பெட்டியையும் எடுத்தார்.

“கடைசியாக் கேக்கறேன். யார் அவ?”

டாக்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“அது உன் வயிறுதான். தைச்ச பாவி நான்!”